செல்வதாஸின் மேல்வரிசை

செல்வதாஸ் கதவைத் திறக்கும்போதே சிரித்துவிட்டான். மேல்வரிசைப் பல் அத்தனையும் பளிச்சென்று தெரிந்தது. சிப்ஸ் கம்பெனி முதலாளி ராஜையன், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“என்ன மக்கா, கல்யாண வீடுன்னு நெனச்சு வந்திட்டியா?”

“இல்ல மொதலாளி. பாக்கெட் போட ஆள் வேணும்னு கொட்டாரம் ஜங்ஷன்ல போர்டு பாத்தேன்.”

சொல்லி முடித்தும் சிரிப்பை இறக்கவில்லை. அது மனைவி பெமிலாவின் கட்டளை. “முந்தாநாள் வந்த பல்லாக்கும். வாய மூடி வச்சிக்கிட்டு வேலையில்லாம திரும்பி வந்தீங்க, வீட்டுக்குள்ள விடமாட்டேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

சொந்தப் பல் ஒவ்வொன்றாகத்தான் போயிற்று. சொத்தையை அடைக்க ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போக வேண்டும். பிடுங்க ஒரு தடவை போதும். நாலு நாள் கூலியை விட்டுவிட்டு எவன் போவான்? நாற்பத்திரண்டு வயதில் மேலே வெறும் ஈறுதான் மிச்சம்.

அதற்கப்புறம் வேலையும் ஒட்டவில்லை. ஜவுளிக்கடையில், “கடைக்கு வாற பிள்ளைங்க பயந்துரும்” என்றார்கள். செக்யூரிட்டி வேலைக்குப் போன இடத்தில் விசில் ஊதச் சொன்னார்கள். காற்று வெளியே போனது, கூடவே விசிலும். மூன்றாவது இடத்தில் பேரைத்தான் கேட்டார்கள்.

“ஹெல்வதாஹ்.”

“எந்த நாட்டுக்காரன்டே இவன்?” என்று அங்கிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு, அவன் பஸ் ஏறும்வரை கேட்டது.

ஒன்றரை வருஷமாக பெமிலாவின் தையல் மிஷின்தான் வீட்டில் அடுப்பெரித்தது. கடைசியில் சர்ச்சில் நடந்த பல் முகாமில் அவளே பேர் கொடுத்து, அளவெடுக்க வைத்து, மேல்செட்டை வாங்கி மாட்டிவிட்டாள்.

“பேரு?” என்றார் ராஜையன்.

“செல்வதாஸ்.”

‘ஸ்’ ஊசி போல வந்தது. அவனுக்கே புல்லரித்தது.

“நல்ல பல்லு” என்றார் ராஜையன்.

“தேங்க்ஸ் மொதலாளி!” அவன் இன்னும் இரண்டு பல் கூடுதலாகக் காட்டினான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பேர் ஏத்த வாழைக்காய் சிப்ஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவனைப் பார்த்துச் சிரித்தார். வாயில் ஒரே ஒரு பல். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அதுவும் இல்லை. பாவம், வேலை கிடைத்ததும் முதல் வேலையாக இவர்களுக்கு முகாம் விவரத்தைச் சொல்ல வேண்டும் என்று செல்வதாஸ் நினைத்துக்கொண்டான்.

ராஜையன் ஒரு தட்டு நிறைய சிப்ஸை அவன் பக்கம் நகர்த்தினார். “தின்னு, பாப்போம்.”

இதுதான் பரீட்சை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மொறுக்கென்று முதல் கடி. அந்தச் சத்தத்தில் அவனுக்குத் தைரியம் வந்தது. புதுச் செட் ஈறை அறுத்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே கடித்தான். இரண்டே நிமிஷத்தில் தட்டு காலி. அடியில் கிடந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“கொள்ளாம், நல்ல கடி” என்று ராஜையன் எழுந்து நின்று கும்பிட்டார். “வேற எங்கயாவது பாத்துக்க மக்கா.”

செல்வதாஸின் சிரிப்பு முதல் தடவையாக இறங்கியது. “ஏன் மொதலாளி? நல்லாத்தானே கடிச்சேன்?”

“அதாக்கும் எனக்க பயமே! முன்ன ஒன்னய மாதிரி நல்ல பல்லுள்ள பயலுவளத்தான் வேலைக்கு வச்சிருந்தேன். பத்துக் கிலோ வறுத்தா நாலு கிலோ அவனுவ வயித்துக்குள்ள. பல்லில்லாத ஆளுவளா பாத்து எடுத்த பொறவுதான் கம்பெனி கொஞ்சம் நிமிந்திருக்கு.”

செல்வதாஸ் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தான். ஒற்றைப் பல்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாய்க்குள் கையை விட்டான். மறுபடி திரும்பியபோது, மேல்வரிசை காலித் தட்டில் இருந்து ராஜையனைப் பார்த்துச் சிரித்தது.

“ஹெல்வதாஹ், மொதலாளி. நாளைக்கே வாறேன்.”