கொய்னெட் தவறவிட்ட சிறுத்தை

"எங்களுக்கு வழிகாட்டி அந்தக் கொய்னெட் இல்லையா?"

ஜீப்பில் ஏறப் போன விருந்தாளி ஹெண்ட்ரிக், ஓட்டும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் காலைக் கீழே வைத்துவிட்டார்.

"இவங்களும் வழிகாட்டி பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவங்கதான் சார்" என்று சமாளித்து அவரை ஏற்றிவிட்டாள் முகாம் மேலாளர் கெரூபோ. பிறகு ஓட்டும் இடத்திலிருந்த நசியேகுவின் காதருகே குனிந்தாள்.

"முதலாளி வந்திருக்காரு. இந்த ஆளு முகம் சுளிச்சா, நீ திரும்ப சலவைக் கூடாரம்தான். பார்த்துக்க."

நசியேகு தலையாட்டிவிட்டுச் சாவியைத் திருகினாள். மாரா வனவிலங்குக் காப்பகத்தின் இந்தச் சொகுசு முகாமில் விருந்தாளிகளின் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டே படித்தவள். இன்றுதான் முதல் சவாரி.

பக்கத்து ஜீப்பில் கொய்னெட் உரக்கச் சிரித்தான். வால் நுனியைப் பார்த்தே எந்தச் சிறுத்தை என்று சொல்லிவிடுவான். சொன்னதை ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளவும் செய்வான்.

"தங்கச்சி, புல்லுல காயுறது பெட்ஷீட் இல்ல, சிங்கம். மடிச்சு வெச்சுடாதே!"

"உங்க சத்தத்துக்கு அதெல்லாம் எப்பவோ ஓடியிருக்கும்ணே!"

சொல்லிவிட்டாளே தவிர, எங்கே சுற்றியும் வரிக்குதிரைதான். ஹெண்ட்ரிக் கேமராவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

அந்த நேரம் பார்த்து வயர்லெஸ்ஸில் கொய்னெட்டின் குரல் கரகரத்தது.

"ஆத்தோரம் அத்தி மரம் வரைக்கும் அலசிட்டேன். வெறும் குரங்கு. நான் மேட்டுக்குப் போறேன். போக்கிடம் இல்லாதவங்க வந்து குரங்கைக் காட்டிக்கலாம்!"

யாரைக் குத்துகிறான் என்று புரியாதா? நசியேகு ரோஷத்தோடு வண்டியை ஆற்றுப் பக்கம் திருப்பினாள்.

குரங்குகள் இருந்தன. ஆனால் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. எல்லாமே ஒரே கிளையைப் பார்த்து.

இன்ஜினை அணைத்தாள். "சார், மேல பாருங்க."

இலைகளுக்கு நடுவே ஒரு தாய்ச் சிறுத்தை. தொங்கிக்கொண்டிருந்த அதன் வாலை, ஒரு குட்டி எட்டி எட்டி அடித்து விளையாடியது.

ஹெண்ட்ரிக் கேமராவையே மறந்துவிட்டார். வெகு நேரம் கழித்து அவள் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா."

நசியேகு வயர்லெஸ்ஸை எடுத்தாள். "கொய்னெட் அண்ணே, உங்க குரங்குக்கு உடம்பெல்லாம் புள்ளி!"

"இருக்காதே! நல்லாத்தானே பார்த்தேன்?"

மற்ற வண்டிகளில் இருந்தவர்களெல்லாம் சிரித்தது வயர்லெஸ்ஸில் கேட்டது.

வேல மரத்தடியில் காலைச் சாப்பாடு. ஹெண்ட்ரிக் ஒவ்வொரு மேஜையாகப் போய் அவள் புகழ் பாடினார். முதலாளியே தன் கையால் அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

"யாராவது கொய்னெட்டுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா!" என்றான் சமையல்காரன்.

கொய்னெட் தலையைச் சொறிந்தான். "வயசாகுதுல்ல?"

நசியேகுவுக்கு உள்ளூர ஆனந்தம். 'வேணும் இந்த ஆளுக்கு!'

ஆனால் அவன் வண்டியில் போயிருந்த அதியம்போ அம்மாவைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. சிறுத்தை பார்க்கவென்றே கிசுமுவிலிருந்து வந்தவர். இன்று ஊர் திரும்புகிறார்.

அருகில் போய் உட்கார்ந்தாள். "மனசு கஷ்டமா இருக்கும்மா. அந்தப் பீத்தலை நம்பி நீங்க ஏமாந்துட்டீங்க."

அதியம்போ அம்மா, கொய்னெட் தூரத்தில் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். ஆனா நீ இப்படிப் பேசுறதைக் கேட்டுட்டு என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை. உனக்கு முன்னாடியே, அதே மரத்தடியில நாங்க கண் குளிரப் பார்த்தாச்சு. அப்புறம் அந்த மனுஷன் எங்க எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு, 'இன்னைக்கு எங்க நசியேகுவுக்கு முதல் நாள். தயவு பண்ணி, நாம இங்க எதையும் பார்க்கலை'ன்னாரு."