காலி கேரியர்

"பாட்டியைப் பட்டினி போட்டது யாரு?"

நர்ஸ் ஜிஸ்மி கோபமாக ஒன்றும் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஆனாலும் அந்த வார்டில் இருந்த அத்தனை கண்களும் மருமகள் யோகப்பிரியா மேல்தான் விழுந்தன. மாமியார் இளைத்துப்போனால் ஊர் வேறு யாரைச் சந்தேகப்படும்?

கட்டிலில் மருதாத்தாள் கண்ணை மூடிக் கிடந்தாள். மலையாள எல்லையோரக் கிராமமான வடகரப்பதியில் கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நேற்று வந்து சேர்ந்தவள். எழுபத்தாறு வயது, முப்பத்திரண்டு கிலோ.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன். தள்ளிப்போட்டா படுத்த படுக்கையாயிருவாங்க. ஆனா உடம்புல சத்தே இல்லன்னு டாக்டர் பயப்படுறாரு. பொழச்சு எந்திரிக்கணும்னா இப்பயிருந்தே ஒவ்வொரு வாயும் உள்ள போகணும்" என்றாள் ஜிஸ்மி. அவள் தமிழர்கள் வேலைபார்க்கும் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். டாக்டரின் மலையாளத்தை இவர்களுக்குத் தமிழில் சொல்வதும் அவள்தான்.

புருஷன் அர்த்தநாரி கட்டிலோரம் நின்றிருந்தார். பத்து ஏக்கர் தென்னந்தோப்புக்காரர். அவர் பெண்டாட்டி பட்டினி என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா? அதைவிட, அவள் போய்விட்டால்? அதை நினைக்கவே அவருக்குத் தெம்பில்லை. எல்லாம் கோபமாகத் திரும்பியது.

"ஏனம்மிணி, தெனமும் தோட்டத்து ஊட்டுக்கு நீ அனுப்பற கேரியர்ல என்னதான் இருக்குது? வேலியே பயிரை மேஞ்சிருக்குது."

யோகப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க ரெண்டு பேத்துக்கும் மூணு ஆள் சோறு அனுப்பறேனுங்க மாமா. ஒரு பருக்கை இல்லாம காலியாத்தானுங்க திரும்பி வருது."

"பாட்டி சாப்பிடுறத நீங்க பார்ப்பீங்களா தாத்தா?" என்றாள் ஜிஸ்மி.

"நான் உண்ட பொறகு அவ அடுப்படியில உண்ணுவா. எங்க பக்கம் அப்படித்தான். அம்பத்தெட்டு வருசப் பழக்கம்."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அவள் உண்டதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தச் சங்கடத்தை மறைக்கத் தன் ஞாபகசக்தியைக் கடைவிரித்தார். "எனக்கு எதும் மறக்காது கண்ணு. எழுபத்தெட்டுல கெணறு வெட்டினப்ப எத்தன அடியில பாறை வந்துச்சுன்னு கேளு."

"அறுபத்தெட்டு அடி. காலையில சொன்னீங்களே" என்று சிரித்தாள் ஜிஸ்மி.

எப்போது சொன்னோம் என்று அர்த்தநாரி யோசித்தார். மருதாத்தாள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். "அவருக்குப் பசிக்கும். மொதல்ல அவருக்குப் போடு அம்மிணி."

யோகப்பிரியா மாமனாருக்குச் சோறும் பச்சைப்பயறு கடைசலும் ஒரு முட்டையும் வைத்தாள். அவர் உண்டு கைகழுவி வந்தார். அதன்பிறகு மாமியாரின் தலைமாட்டை உயர்த்தி, மடிமேல் தட்டில் சோறும் இரண்டு முட்டையும் வைத்தாள். ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட அவளை ஜிஸ்மி அழைத்தாள்.

"அத்தை உண்டு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருங்க மாமா."

"நீ போ. இன்னைக்கு என்ற கண்ணு முன்னால அவ உண்டே ஆகோணும்."

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். சோற்றைப் பிசைந்து அவள் வாயில் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கு ஊட்டியதில்லை. அவள் மென்றாள். கண்ணோரம் நீர் இறங்கியது.

"என்னத்துக்கு அழுவறே? நல்லா உண்ணு. எந்திரிச்சு நடக்கோணும். நீ இல்லாத ஊட்டுல நான் என்ன பண்ணுவேன்?"

இரண்டாவது வாய், மூன்றாவது வாய். அவளும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டாள். எத்தனை நாள் பசியோ.

நான்காவது வாய்க்குப் பிசைந்த கை அப்படியே நின்றது. அர்த்தநாரி தட்டைப் பார்த்தார். உரித்த முட்டை இரண்டும் அப்படியே இருந்தன. உச்சி வெயில் ஏறியும் தன்னை யாரும் கவனிக்கவில்லையே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

"ஏ மருதாத்தா, எனக்கு இன்னும் சோறு போடலையே?"

அவள் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். வாயிலிருந்ததை விழுங்கினாள். தட்டை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்குளுக்குத்தானுங்க எடுத்து வெச்சிருக்கறேன். உண்ணுங்க."