சம்பந்திப் பந்தியில் பாயசம்

மகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த குத்தாலிங்கம் மணிக்கட்டில் கட்டியிருந்த கைப்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறும் இயந்திரம் கைப்பட்டை காட்டும் சர்க்கரை அளவைப் பார்த்து, அவரவர் உடம்புக்கு ஏற்றதைத்தான் வைக்கும், கெஞ்சினாலும் மசியாது. இன்றைய பாயசத்துக்காகவே ஒரு வருஷமாகக் கொள்ளுக் கஞ்சியும் சத்து மாத்திரையும் விழுங்கி, தினமும் ஓடி, தண்டால் எடுத்திருந்தார்.

கைப்பட்டையில் பச்சை விளக்கு! இலையில் பாயசம் ஓடியது.

“ஏ செண்பகம், ஊத்திருச்சு! அப்பாவுக்கு ஊத்திருச்சு!” என்று எதிரே இருந்த மகளிடம் கூவினார்.

பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் தகப்பனார். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் குறை சொன்ன மனிதர். இயந்திரம் அவருக்குக் கஞ்சியை வைத்துவிட்டு நகர்ந்தது. குத்தாலிங்கத்தின் கை அந்தரத்தில் நின்றது. சம்பந்தியை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

அவரோ குனிந்து கிசுகிசுத்தார்: “நீங்க சாப்பிடுங்க, சம்பந்தி. இலைய மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கமா நகத்துங்க, வாசனையாவது வரட்டும்.”