ஃபாதர் சொல்லிவிட்டார்

“என்ன பிலோமினா, நத்தார் நெருங்கிருச்சு. உங்க பக்கம் மா சலிக்கிற சத்தத்தையே காணோம்?”

தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே இப்படிக் கேட்டவள் பக்கத்துக் காம்பரா வீட்டுக் காளியாயி. தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘ஆயுசு நூறு’ என்று குரல் வரும். மா சலித்தால் தெரியாமலா போகும்?

பிலோமினாவின் கணவன் ஜீவராஜ் மழையில் சறுக்கி விழுந்து, காலை உடைத்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறான். அவள் ஒருத்தி கொழுந்து பறித்துக் கொண்டுவருவது அரிசிக்கும் மருந்துக்குமே பற்றவில்லை. காலோடு போனதே, உயிரை விட்டுவைத்தாரே ஆண்டவர் என்று தினமும் நன்றி சொல்லிவிட்டுத்தான் படுக்கிறாள். ஆனால் நன்றியை வைத்துக் கேக் அடிக்க முடியாதே.

அந்த லயத்தில் வேதக்கார வீடு அவர்களுடையது மட்டும்தான். தீபாவளிக்கு எல்லா வீட்டுத் தட்டுகளும் அவள் வீட்டுக்கு வரும். கிறிஸ்து பிறப்புப் பண்டிகையான நத்தாருக்கு அதே தட்டுகள் கேக்கும் கொக்கிஸ் பலகாரமுமாகத் திரும்பிப் போகும். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுப்பதைப் போல ஒரு தலைகுனிவு வேறு இல்லை என்பது பிலோமினாவின் எண்ணம். அடுப்படியில் அடுக்கிவைத்த தட்டுகள் கொஞ்ச நாளாகவே அவளை முறைத்துக்கொண்டிருந்தன.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வேறொன்று வந்தது.

“ஃபாதர் சொல்லிட்டாருக்கா. இந்த வருசம் நத்தாரை எளிமையாக் கொண்டாடணுமாம். பலகாரம், புதுத்துணி ஒண்ணும் வேணாமாம்.”

காளியாயி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு, சாமி காரியம் என்றால் கட்டுப்பட வேண்டியதுதான் என்று தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலும் அதே பேச்சு. இப்படி ஒரு ஃபாதர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பெண்கள் புகழ்ந்து தள்ளினார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியும் பிலோமினாவுக்கு முள்ளாகக் குத்தியது.

அதிலும் காளியாயியை நினைத்தால்தான் மனது ஆறவில்லை. போன தீபாவளிக்கு, ஏதோ நேர்த்திக்கடனுக்காக அவள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டாராம். அந்தச் சொல்லை மீறாமல், ஒரு முறுக்குக்கூடச் சுடாமல், தட்டில் வாழைப்பழமும் கற்கண்டும் வைத்துக் கொண்டுவந்து நீட்டியவள் அவள். அப்பேர்ப்பட்ட பக்திக்காரியிடமா ஃபாதர் பேரைச் சொல்லிப் புளுகினோம்?

கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளால் குடில் கட்டி, அதில் பாலனைக் கிடத்தும்போது பிலோமினாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“மன்னிச்சிரு ராசா. நீ உண்மையாவே ஒண்ணுமில்லாமப் பொறந்த. நான் ஒண்ணுமில்லன்னு சொல்ல வெக்கப்பட்டு உன் பேரைக் கெடுக்கிறேன்” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள்.

நத்தார் விடிந்தது. வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு பூசைக்குக் கிளம்பினால், வாசலில் காளியாயி தலை சீவிப் பொட்டு வைத்துத் தயாராக நிற்கிறாள். அந்த ஃபாதரை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். பிலோமினா வேறு வழியில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

கோயிலில் எல்லாரும் பாட்டுப் பாட, இவள் ஒரே ஒரு மன்றாட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்டவரே, இந்த அக்கா வாயை இன்றைக்கு மட்டும் கட்டிப்போடும்.

பூசை முடிந்து, வாசலில் நின்ற ஃபாதர் சிரித்த முகத்தோடு பண்டிகை பலமா என்று கேட்டார். பிலோமினா வாயைத் திறப்பதற்குள் காளியாயி முந்திக்கொண்டாள்.

“எளிமையாத்தாங்க ஃபாதர். பலகாரமில்ல, புதுத்துணியில்ல. லயத்துல எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் மா போட்டு, ரொட்டி சுட்டு, பிலோமினா வீட்டு வாசல்ல ஒண்ணா உக்காந்து சாப்புடப் போறோம்.”

ரொட்டி விஷயம் பிலோமினாவுக்கே புதிது. ஃபாதர் பூரித்துப் போனார்.

“அடடா, இதை நானில்ல பிரசங்கத்துல சொல்லியிருக்கணும். எனக்குத் தோணாமப் போச்சே.”

போயிற்று. குட்டு வெளிப்பட்டுவிட்டது. பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். காளியாயியோ எதுவும் நடக்காதது போல ஃபாதரைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

தேயிலை மலை ஒற்றையடிப் பாதையில் இருவரும் பாதித் தூரம் வந்தார்கள். அதற்குமேல் பிலோமினாவால் தாங்க முடியவில்லை.

“அக்கா, ஃபாதர் அப்படி ஒண்ணும் சொல்லல. மா வாங்க வழியில்லக்கா. உங்க தட்டை வெறுமனே குடுக்க மனசு வரல. அதான் பழியை அவரு தலையில போட்டுட்டேன்.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. காளியாயி நின்று, தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“அது எனக்குக் குழாயடியிலயே தெரியும்.”

“எப்படிக்கா?”

“தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாருன்னு சொன்னேன்ல?” காளியாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “பாவம், அந்த மனுசனும் அப்படி ஒண்ணும் சொல்லல தங்கச்சி.”