ஓடுது

கடற்காற்றின் உப்பு அரித்தாலும் நின்றுபோகாத இன்சுலின் பம்ப் ஒன்றைத் தூத்துக்குடி ரெக்சலின் தன் கையாலேயே செய்து முடித்திருந்தாள். சர்க்கரை நோயோடு கல்லூரிக்குப் போகும் மகள் ஜெனிலாவுக்காகச் செய்தது. ஆனால் உடனே அவளுக்குப் பொருத்த முடியாது. இணையத்தில் பொதுவில் கிடக்கும் வரைபடத்தை வைத்துத் தாங்களே பம்ப் செய்துகொள்ளும் குழு ஒன்றில் அவள் இருந்தாள். அங்கே ஒரு கறாரான விதி உண்டு: வரைபடத்தில் மாற்றம் செய்தவர் வீட்டில் அது முதலில் ஓடக்கூடாது. பாசம் கண்ணை மறைத்துவிடும். முன்பின் தெரியாத ஒருவர் அதைச் செய்து, தன் உடம்பில் போட்டுப் பார்த்து, "ஓடுது" என்று எழுத வேண்டும்.

தன் மாற்றத்தை வரைந்து குழுவில் போட்டாள். வெகுநாள் யாரும் முன்வரவில்லை. பிறகு திருகோணமலையிலிருந்து நிர்மலன் என்ற பஸ் டிரைவர் எழுதினார்: "போட்டுப் பாத்தன் அக்கா. ஓடுது."

அன்றே ஜெனிலாவின் இடுப்பில் பம்ப் ஏறியது.

மழைக்காலத்தில் நிர்மலன் மறுபடி எழுதினார். பாட்டரியை மாற்றி அமைத்திருக்கிறாராம். "என்ட மகனுக்குப் போடோணும். ஆராவது முதல்ல போட்டுப் பாப்பியளோ?"

ரெக்சலின் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஜெனிலா அதை எடுத்துப் படித்தாள்.

"நான் போடுறேம்மா."

"வேற யாராச்சும் போடுவாங்க. ஒனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நம்ம பம்ப்பப் போடும்போது அவரு வீட்லயும் இதத்தானம்மா கேட்டிருப்பாங்க."

ரெக்சலின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிர்மலன் வரைந்தபடியே பாட்டரியை மாற்றினாள்; தன் யோசனை எதையும் அதில் நுழைக்கவில்லை. மகளுக்குப் பொருத்திவிட்டு அவள் பக்கத்தை விட்டு நகராமல் கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போய்வந்ததும் எழுதினாள்: "தம்பி, ஓடுது. பிள்ளைக்குப் போடுங்க."