ஒற்றை இருக்கை

அவள் இடுப்புப் பட்டையைக் கணவரே மாட்டிவிட்டார். இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"முள்ளு செவப்புக்குப் போச்சுன்னா இந்த சுவிட்சத் தட்டிரு. வேற எதையும் தொடாத."

அவள் தலையாட்டினாள்.

அவர் சொந்தமாகக் கட்டிவரும் விமானத்துக்கு இன்னும் இறக்கை பூட்டவில்லை. உடலை மட்டும் லாரியின் மேல் மரச்சட்டம் அடுக்கி உயர்த்தி, இறுகக் கட்டியிருந்தார்கள். மூக்கு லாரியின் முன்கூரைக்கும் மேலே எழும்பி நின்றது.

உடுமலைக்கு வெளியே, வயல்களுக்கு மேலே மண்மேடு போட்டு உயர்த்திய, இன்னும் திறக்காத புறவழிச்சாலை. அப்போதுதான் விடிந்திருந்தது.

நின்ற இடத்தில் ஓட்டினால் இஞ்சின் கொதித்துவிடுகிறது. ரேடியேட்டரை மூக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தார். வயிற்றுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். காற்று நுழைகிற வாயைத் தகரத்தில் வெட்டி வெட்டி மாற்றினார். ஓட்டத்தில் வரும் காற்றுக்காவது ஆறுமா என்று தெரிய வேண்டும். அவர் லாரியை எண்பதில் ஓட்டுவார். யாராவது மேலே உட்கார்ந்து சூடு காட்டும் முள்ளைப் பார்க்க வேண்டும்.

டீசல் இஞ்சின் கேட்டது அவள்தான்.

பெட்ரோல் என்றால் பயம். எங்காவது விழுந்தாலும் பற்றிக்கொள்ளக் கூடாது என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் ஒரு பழைய காரிலிருந்து டீசல் இஞ்சினை இறக்கிக்கொண்டு வந்தார்.

அப்போது விமானத்தில் இரண்டு இருக்கைகள். இறக்கைத் துணியை அவள்தான் தைத்தாள். பின்னிருக்கைக்கு நீல உறை ஒன்றும் தைத்து வைத்திருந்தாள்.

டீசல் கனத்தது. அதோடு ரேடியேட்டர், குழாய், தண்ணீர். எடை போட்டுப் பார்த்த அன்று, சாப்பிடும்போது சொன்னார்.

"ஒரு ஆளுக்குத்தான் தாங்கும் வசந்தா."

"செரிங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

பின்னிருக்கை இருந்த இடத்துக்கு ரேடியேட்டர் வந்தது.

இன்று கயிறுகளைச் சரிபார்த்தபடியே அவர் இன்னொன்றும் சொன்னார். குரல் களைத்திருந்தது.

"இன்னிக்கும் கொதிச்சுதுன்னா டீசல எடுத்துப் போட்டர்றேன். பெட்ரோல் இஞ்சின்னா பாரம் கம்மி, காத்துலயே ஆறிக்கும். உனக்கும் சீட்டு வந்துரும்."

விமானத்தின் இஞ்சினை முடுக்கிவிட்டு, அவர் இறங்கிப் போய் லாரியில் ஏறினார்.

லாரி நகர்ந்தது.

இஞ்சினின் அதிர்வு முதுகெலும்பில் ஏறியது. முன்னால் விசிறி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தது. முள் ஏறிக்கொண்டே போனது.

சிவப்புக்குச் சற்றுக் கீழே வந்து நடுங்கியது.

சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

லாரி வேகமெடுத்தது. காற்று முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

முள் இறங்கியிருந்தது.

பச்சைக்குள் வந்து நின்றது. கண்ணாடியை நகத்தால் தட்டினாள். அசையவில்லை.

ஆறிவிட்டது.

இனி அவர் மட்டும் மேலே போவார். எங்கே விழுந்தாலும் பற்றிக்கொள்ளாத இஞ்சினோடு போவார். அவள் கீழே நின்று, வெயிலுக்குக் கையை வைத்து அண்ணாந்து பார்ப்பாள்.

அது போதும் என்றுதான் நினைத்திருந்தாள்.

தலையை நிமிர்த்தினாள்.

தென்னை உச்சிகள் அவள் தோளுயரத்தில் ஓடின. காற்றாலைகள் ஒவ்வொன்றாக விலகி வழிவிட்டன. சாலை தெரியவில்லை. லாரி தெரியவில்லை. மூக்குக்கு முன்னால் வானம் மட்டும் இருந்தது. பக்கத்து வயலிலிருந்து கொக்குகள் எழுந்தன. அவற்றில் ஒன்று கொஞ்ச தூரம் அவளோடு கூடவே வந்தது.

வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை.

பிறகு ஜல்லிக் குவியல். சாலை முடிந்துவிட்டது.

லாரி நின்றது. சொல்லிக்கொடுத்தபடி சுவிட்சைத் தட்டினாள். விசிறி தயங்கித் தயங்கி நின்றது. மின்சாரம் அறுந்து, முள் பூஜ்யத்தில் விழுந்தது.

அவர் பின்பக்கமாக ஏறி வந்தார். ஏறும்போதே அவர் கண் ரேடியேட்டருக்குத்தான் போனது. இத்தனை நாளும் ஆவி சீறிய மூடி. இன்று அதன் ஓரத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"எங்க நின்னுது முள்ளு?"

அவள் கேசம் முழுக்கக் கலைந்து கிடந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு.

"சரியாப் பாக்கலீங்க" என்றாள். "இன்னொருக்கா போலாம்."

அவர் மூடியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

தளர்ந்திருந்த இடுப்புப் பட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

"இந்தத் தடவ மெதுவாப் போறேன்" என்றார்.