எட்டுக் கட்டில் வீடு

"இந்த வீட்ல மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?"

"அது எங்களுக்கே சரியாத் தெரியாது அங்கிள். இன்னிக்கு மூணு பேர். நேத்து ஆறு."

கதவைத் திறந்த பெண் கொட்டாவி விட்டபடி சொன்னாள். பெரியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார்.

மாப்பிள்ளை வெளியூரில் இன்னொரு வீடு நடத்துகிறார் என்று மகள் வந்து அழுததும், "நீ சும்மா இரு, நானே நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று பஸ் ஏறி வந்தவர். மகள் அங்கே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு இவருடைய ஃபோனுக்காக உட்கார்ந்திருக்கிறாள். இவர் ஒரு வார்த்தை சொன்னால், தாலி கட்டியவனும் வேண்டாம், அவன் வீடும் வேண்டாம் என்று அம்மாவிடம் வந்துவிடுவாள்.

மாப்பிள்ளை விமானம் ஓட்டுகிறவர். வேலைக்கு என்று சொல்லிக் கிளம்பினார். அன்றைக்கு அவர் ஓட்ட வேண்டிய விமானம் எதுவும் இல்லை என்று கூட வேலை பார்ப்பவரின் மனைவி போட்டு உடைத்துவிட்டாள். சரி என்று ராத்திரி ஃபோன் பண்ணினால், பக்கத்தில் ஒரு பெண் குரல், "லைட்டை அணைங்க, தூங்கணும்" என்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"ராத்திரி லைட்டை அணைக்கச் சொன்னது நீதானா?"

"நானாத்தான் இருக்கும். எனக்கு விடிகாலை ஃப்ளைட். இவர் என்னடான்னா மேல் கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு வீட்டுக்கு ஃபோன் பேசிக்கிட்டே இருந்தார். போயிட்டு வந்து இப்பத்தான் படுத்தேன், நீங்க பெல் அடிச்சிட்டீங்க."

பெரியவர் திகைத்தார். மாட்டிக்கொண்டவள் முகம் இப்படி இருக்காது. சுற்றிலும் பார்த்தார். நான்கு இரண்டடுக்குக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பை, பையில் ஒரு பெயர். ஆணா பெண்ணா என்று கணக்கே இல்லை. இது என்ன ஆஸ்பத்திரியா, ஜெயிலா?

"அவர் எங்கே?"

"குளிக்கிறார்."

அதுவும் நல்லதுதான். பெரியவர் சமையலறைக்குள் போனார். அலமாரியைத் திறந்தார்.

"உப்பு எங்கேம்மா?"

"உப்பா? இங்க யாரும் சமைக்கிறதே இல்லை அங்கிள்."

குளிர்சாதனப் பெட்டியில் பால் பாக்கெட்டுகள் மட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மாப்பிள்ளையின் துணி கொடியில் இல்லை, பையிலேயே மடித்தபடி இருந்தது. அவர் போட்டுக்கொள்ளும் மாத்திரை அட்டை எதுவும் ஜன்னலில் இல்லை. பெரியவர் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

"போலீஸ்ல இருந்தீங்களா அங்கிள்?"

"லாரி ஓட்டினேன்."

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை அப்படியே நின்றார். "மாமா? நீங்க எங்க இங்க?"

"அதை நான் கேட்கணும். உட்காருங்க மாப்பிள்ளை. நம்ம ஊர்லேருந்து இங்க எப்படி வந்தீங்க?"

"ஃப்ளைட்ல."

"ஓட்டிக்கிட்டா?"

"இல்லை மாமா. காலி சீட் இருந்தா பயணி மாதிரி உட்கார்ந்து வருவேன்."

"அதுக்குச் சம்பளம்?"

"கிடையாது. வேலைக்கு வந்து சேர்றது நம்ம பாடு."

"வந்து?"

"இங்க படுத்திருப்பேன். ஸ்டாண்ட்பை. எந்த பைலட்டாவது வர முடியலைன்னா என்னைக் கூப்பிடுவாங்க. ஒரு மணி நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணும். நம்ம வீட்லேருந்து முடியுமா? அதான் பைலட்டுங்க எல்லாருமாச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு ஒரு கட்டில்."

"கூப்பிடலைன்னா?"

"படுத்தே இருப்பேன்."

"அதுக்கு?"

"அதுக்குச் சம்பளம் உண்டு."

பெரியவர் நெற்றியைத் தேய்த்தார். "வேலைக்கு வந்தா சம்பளம் இல்லை. வந்து படுத்தா சம்பளம். ஓட்டினா?"

"விமானம் நகர்றதுலேருந்து போய் நிக்கிற வரைக்கும் மணிக்கணக்கு. ஆனா படுத்திருக்கிறதுக்குன்னு மாசத்துக்கு இத்தனை மணின்னு ஒரு சம்பளம் உண்டு, ஓட்டின மணி அதைத் தாண்டினாத்தான் மேல கிடைக்கும்."

"யாரு மாப்பிள்ளை இந்தச் சட்டத்தைப் போட்டது? குடிச்சிட்டுப் போட்டானா?"

அந்தப் பெண் போர்வைக்குள் சிரித்தாள்.

"இதை எல்லாம் அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் மாமா. பொய் சொல்றதா இருந்தா புரியற மாதிரியாவது சொல்லுங்கன்னா."

பெரியவர் மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்தார். பொய் என்பது சின்னதாக இருக்கும், கேட்டதும் தொண்டையில் இறங்கும். இவ்வளவு கோணல்மாணலாக எவனும் பொய் சொல்லமாட்டான்.

அப்போது மாப்பிள்ளையின் ஃபோன் அடித்தது. "எஸ் சார். கிளம்பிட்டேன் சார்" என்றவர், சீருடையை மாட்டி, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, "மன்னிச்சுக்கங்க மாமா, சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லி மாடிப்படியில் ஓடினார். உப்பு இல்லாத வீட்டில் எதைச் சாப்பிடுவது என்று சொல்ல ஆள் நிற்கவில்லை.

தெருவுக்கு வந்து பெரியவர் மகளைக் கூப்பிட்டார்.

"பெட்டியைப் பிரிம்மா. உன் புருஷன் தங்கம்."

"நல்லாப் பார்த்தீங்களாப்பா?"

"கட்டிலுக்கு அடியில வரைக்கும் பார்த்துட்டேன். அங்க குடும்பம் எல்லாம் நடக்கலை. அது ஒரு சத்திரம். அந்தப் பொண்ணும் பைலட்தான், பாவம், தூக்கத்தைக் கெடுத்துட்டேன்."

மறுமுனையில் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "நீங்க இல்லைன்னா நான் பைத்தியக்காரத்தனம் பண்ணியிருப்பேன்ப்பா. எப்ப வர்றீங்க?"

"பஸ்ல இடம் இல்லை. லாட்ஜ்ல தங்கிட்டுக் காலையில கிளம்பறேன். அம்மாகிட்ட சொல்லிடு."

யாரிடமும் வழி கேட்காமல் டவுன் பஸ் ஏறி, ஊரின் மறுகோடியில் இறங்கி, சந்துக்குள் மூன்றாவது வீட்டுக் கதவைத் தன்னிடம் இருந்த சாவியால் திறந்தார்.

"அப்பா வந்துட்டார், தட்டு எடுத்து வைடி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்த அம்மாள், அவர் கைப்பையை வாங்கிக்கொண்டே கேட்டாள். "இந்தத் தடவை அங்க என்ன சொல்லிட்டு வந்தீங்க?"